அறிக்கை எழுதுகிறவர்கள்: ருமேனியத் துப்பறியும் படங்கள்

கோர்னேலியு பொரும்போயு இயக்கிய 'போலீஸ், அட்ஜெக்டிவ்' (2009) படத்தை யாருக்குப் பரிந்துரைத்தாலும் ஒரே கேள்விதான் திரும்பி வருகிறது: "இதுல கேஸ் எங்க இருக்கு?" கடைசியாகக் கேட்டவர் துப்பறியும் நாவல்களை ஒன்றுவிடாமல் படிக்கிற நண்பர். அரை மணி நேரம் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். ஒரு போலீஸ்காரன் ஒரு பள்ளிக்கூடப் பையன் பின்னால் நடக்கிறான், சுவரோரம் நிற்கிறான், காத்திருக்கிறான், பையன் புகைத்து வீசிவிட்டுப் போன துண்டைப் பொறுக்குகிறான், திரும்பவும் நடக்கிறான். கொலை இல்லை, துரத்தல் இல்லை. யார் செய்தது என்ற மர்மம்கூட இல்லை. பையன் நண்பர்களோடு சேர்ந்து ஹஷீஷ் புகைக்கிறான், அதுதான் குற்றம், அது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் எனக்கு அந்தப் படத்தில் இருந்த பதற்றம் வேறு எந்தத் துப்பறியும் படத்திலும் கிடைத்ததில்லை. அந்தப் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்று தேடித்தான் ருமேனியாவின் மற்ற குற்றப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

படம் நடப்பது வாஸ்லுய் என்ற சிறு நகரத்தில், பொரும்போயு பிறந்த ஊர். இளம் போலீஸ்காரன் கிறிஸ்டி (ட்ராகோஷ் புகுர்) அந்தப் பையனைக் கைது செய்ய விரும்பவில்லை. இந்தச் சட்டம் சீக்கிரமே மாறிவிடும், அதற்குள் ஒரு சின்னப் பையனின் வாழ்க்கையைச் சிறையில் தள்ளி நாசமாக்குவானேன் என்பது அவன் எண்ணம். மேலதிகாரிக்கோ வலை விரித்துப் பிடித்தாக வேண்டும். கதை இவ்வளவுதான். ஆனால் அன்றன்றைய நடை முடிந்ததும் கிறிஸ்டி ஒரு அறிக்கை எழுதுகிறான். அந்த அறிக்கை, அவன் கையெழுத்திலேயே, திரை முழுக்க வந்து நிற்கிறது. இத்தனை மணிக்குச் சந்தேக நபர் வீட்டைவிட்டு வெளியே வந்தார், இத்தனை மணிக்குப் பள்ளிக்குள் போனார் என்று வரி வரியாக நாம் படித்தாக வேண்டும். கால்மணி நேரமாக நம் கண்ணால் பார்த்ததையே இப்போது தாளில் பார்க்கிறோம். பார்த்ததும் படிப்பதும் ஒன்றில்லை என்பது அங்கே உறைக்கிறது. குளிரில் கால் மாற்றி மாற்றி நின்றது அறிக்கையில் இல்லை. பையன் தோழியோடு சிரித்துக்கொண்டு போனது இல்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்டியின் முகத்தில் ஓடிய தயக்கமும் இல்லை. ஒரு வாழ்க்கை தாளில் ஏறும்போது எது விழுந்துவிடுகிறது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் அந்த ஷாட்டுகள் காட்டிவிடுகின்றன. அப்புறம்தான் அந்தப் பிரபலமான அகராதிக் காட்சி. "என் மனசாட்சி இடம் தரவில்லை" என்கிறான் கிறிஸ்டி. கேப்டன் (விளாட் இவானோவ்) கோபப்படுவதில்லை, குரலை உயர்த்துவதில்லை. ருமேனிய மொழி அகராதியை வரவழைத்து, மனசாட்சி, சட்டம், அறம், போலீஸ் என்று ஒவ்வொரு சொல்லாகக் கிறிஸ்டியையே சத்தமாக வாசிக்க வைக்கிறார். அறையில் ஒரு அடிகூட விழவில்லை. ஆனால் வாசித்து முடிக்கும்போது கிறிஸ்டியிடம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கடைசி ஷாட்டில் அவன் கரும்பலகையில் சாக்பீஸால் வளைப்புத் திட்டத்தை வரைந்து விளக்கிக்கொண்டிருக்கிறான். எந்தப் புதர், எந்தக் கார், யார் எங்கே நிற்பது.

இந்தக் காட்சியைப் பலரும் மொழி பற்றிய தத்துவ விளையாட்டு என்று எழுதினார்கள். அந்த விளக்கத்தில் எனக்கு நிறைவில்லை. அங்கே பயமுறுத்துவது சொற்களின் பொருள் இல்லை. நடந்தது என்ன என்பதை எழுதுகிற உரிமை கிறிஸ்டியின் கையிலிருந்து மேசைக்கு அந்தப் பக்கம் போய்விடுவதுதான் பயமுறுத்துகிறது. அது ஒரு இயக்குநருக்குத் திடீரென்று தோன்றிய யோசனையும் இல்லை. அதற்குப் பின்னால் அந்த நாட்டில் நீண்ட வரலாறு இருக்கிறது.

தொப்பி போட்ட கமிஷனர்கள்

ருமேனியர்களிடம் துப்பறியும் படம் என்று சொன்னால் பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருவது பொரும்போயு இல்லை, செர்ஜியு நிக்கொலாயெஸ்கு. அவரே இயக்கி, அவரே தொப்பியும் கோட்டுமாக நடித்த கமிஷனர் படங்கள் எழுபதுகளில் பெரும் வெற்றி பெற்றவை. 1972இல் வந்த 'சுத்தமான கைகளோடு' படத்தில் அவர் கமிஷனர் மிக்லோவான். உலகப்போர் முடிந்த கையோடு தலைநகர் புக்கரெஸ்டைக் கொள்ளைக் கும்பல்கள் பங்குபோட்டுக்கொண்டிருக்கிற காலம். பழைய போலீஸிலிருந்து வந்த மிக்லோவான் முதலில் சுடுகிறவர். அவரோடு சேர்த்துவிடப்படுகிற கம்யூனிஸ்ட் கமிஷனர் ரோமான் (இலாரியோன் சியோபானு) முதலில் யோசிக்கிறவர். முடிவில் மிக்லோவான் சாகிறார். கதைப்படி வழி ரோமானுடையதாக இருக்கலாம், ஆனால் ரசிகர்கள் மனதில் நின்றது மிக்லோவான்தான். அதனால்தான் 1974இல் 'ஒரு கமிஷனர் குற்றஞ்சாட்டுகிறார்' படத்தில் மொல்டோவான் என்ற புதுப் பெயரில், கிட்டத்தட்ட அதே தொப்பியில், நிக்கொலாயெஸ்கு திரும்பி வந்தார். 'பழிக்குப் பழி' 1978இலும் 'துவந்தம்' 1981இலும் வந்தன. இந்தப் படங்களை நான் மிகவும் ரசித்துப் பார்த்தேன். காருக்குப் பின்னால் ஒளிந்து சுடுவதும், கண்ணாடி நொறுங்குவதும், வெற்றிலை மாதிரி மடிந்து விழும் அடியாட்களும் இன்றும் அலுக்கவில்லை.

ஆனால் இந்தக் கமிஷனர்கள் எல்லோரும் பழைய காலத்தில் வாழ்கிறார்கள் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. காரணம் எளிது. 1949இல் ருமேனியாவில் போலீஸ் என்ற அமைப்பே கலைக்கப்பட்டு அதன் இடத்தில் மிலிட்சியா என்ற கம்யூனிஸ்ட் அரசின் காவல் படை வந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த 1989 டிசம்பர் வரை கமிஷனர் என்ற பதவி கடந்த காலத்தின் சொத்து. கொள்ளையும் கும்பலும் லஞ்சமும் முந்தைய சமூகத்தின் நோய், இன்றைய சமூகத்தில் அதெல்லாம் கிடையாது என்பது அரசின் நிலை. நிகழ்காலக் குற்றம் வேண்டுமென்றால் அது சிரிப்புப் படமாக இருக்க வேண்டும். 1970, 71இல் மிர்ச்சியா ட்ராகான் எடுத்த 'பல்வகைப் பிரிவு' வரிசையில் தோமா கராஜியு நடித்த கேப்டன் பனாயிட் சில்லறைத் திருடர்களைத் துரத்திக்கொண்டிருப்பார். நிஜமான துப்பாக்கிச் சண்டை வேண்டுமென்றால் 1940க்கோ 1945க்கோ போயாக வேண்டும்.

'ஒரு கமிஷனர் குற்றஞ்சாட்டுகிறார்' அப்படிப் போனபோது கையில் எடுத்தது உண்மையான ரத்தத்தை. 1940 நவம்பர் 26 பின்னிரவில் புக்கரெஸ்டுக்குப் பக்கத்தில் உள்ள ஜிலாவா சிறைக்குள் இரும்புக் காவலர் என்ற பாசிச இயக்கத்தினர் புகுந்து 64 கைதிகளைச் சுட்டுக்கொன்றார்கள். படம் அந்தப் படுகொலையைத் தழுவியது. மொல்டோவானுக்கு விசாரணை ஒப்படைக்கப்படுகிறது. கொன்றது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கொன்றவர்கள்தான் அப்போது ஆட்சியில் பங்காளிகள். கமிஷனர் என்ன எழுதப் போகிறார் என்பது மட்டும்தான் கேள்வி. இத்தனை சூடும் சாகசமும் உள்ள வணிகப் படத்திலும் கதையின் முள் அறிக்கையில்தான் குத்திக்கொண்டிருக்கிறது.

கொள்ளையர்கள் தங்களாகவே நடித்த படம்

இந்த யோசனை எனக்குள் முழுதாகத் திரண்டது அலெக்சாந்த்ரு சொலோமோன் 2004இல் எடுத்த 'மாபெரும் கம்யூனிஸ்ட் வங்கிக் கொள்ளை' என்ற ஆவணப்படத்தைப் பார்த்தபோது. அதற்குப் பிறகு முன்பு பார்த்த படங்களையும் நான் வேறு மாதிரிதான் பார்க்கிறேன்.

1959 ஜூலை 28. புக்கரெஸ்டில் தேசிய வங்கியின் பணத்தை ஏற்றிவந்த வண்டியை ஆயுதம் தாங்கியவர்கள் மறித்து 16 லட்சம் லெய் (ருமேனிய நாணயம்) எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கூடுதலாக ஒரு சோபா வாங்கினால்கூட அக்கம்பக்கம் கவனிக்கிற நாட்டில், அரசைத் தவிர யாரிடமும் அவ்வளவு பணம் இருக்க முடியாத காலத்தில், அது நம்பவே முடியாத குற்றம். இரண்டு மாதத்துக்குள் ஆறு பேர் பிடிபட்டார்கள்: அலெக்சாந்த்ரு யொவானிட், பால் யொவானிட், இகோர் செவியானு, மோனிகா செவியானு, சாஷா முஷாட், ஹரலாம்பியே ஒபெடியானு. ஆறு பேரும் யூதர்கள். கம்யூனிஸ்ட் கட்சியோடு கூடவே வந்தவர்கள், அதிகாரத்துக்கு அருகில் இருந்து பிறகு ஓரங்கட்டப்பட்டவர்கள். அலெக்சாந்த்ரு யொவானிட் மிலிட்சியாவிலேயே உயர் அதிகாரியாக இருந்தவர்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அரசு இந்தக் கொள்ளையைப் பற்றி ஒரு படம் எடுத்தது. அலெக்சாந்த்ரு சாஹியா ஆவணப்பட ஸ்டூடியோவில், விர்ஜில் கலோட்டெஸ்கு இயக்கத்தில். பெயர் 'ரெகொன்ஸ்டிட்டுயிரெயா', அதாவது நடந்ததை மறுபடி நிகழ்த்திக் காட்டுவது. குற்றம் சாட்டப்பட்டவர்களே அதில் தங்களாக நடித்தார்கள். சிறையிலிருந்து அழைத்துவந்து, அந்த நாளின் உடையைப் போட்டு, கையில் துப்பாக்கி கொடுத்து, அதே இடத்தில் அதே வண்டியை மறிக்க வைத்தார்கள். 1960இல் கட்சிக்காரர்களுக்கு மட்டும் அது திரையிடப்பட்டது. ஐந்து ஆண்களும் அதே ஆண்டு சுட்டுக்கொல்லப்பட்டார்கள். மோனிகா செவியானுவின் மரண தண்டனை மட்டும் ஆயுள் தண்டனையாக்கப்பட்டது. பிறகு அவர் விடுதலையாகி இஸ்ரேலுக்குப் போய்ச் சேர்ந்தார்.

சொலோமோன் அந்தப் பழைய படத்தின் காட்சிகளை எடுத்து, அதில் வேலை செய்தவர்களையும் விசாரணையோடு சம்பந்தப்பட்டவர்களையும் தேடிப் பேச வைக்கிறார். எனக்குக் கண்ணை எடுக்க முடியாமல் போனது அந்த ஆறு முகங்களிலிருந்துதான். துப்பறியும் படத்தில் குற்றவாளியின் முகத்தை நாம் எப்படிப் பார்ப்போம்? ஏதாவது ஒளிக்கிறானா, கண் ஆடுகிறதா என்று பார்ப்போம். இங்கே அந்தப் பழக்கம் கைகொடுக்கவில்லை. துப்பாக்கியை நீட்டுகிற மனிதன் ஜூலையில் தான் செய்ததைச் செய்கிறானா, கேமராவுக்குப் பின்னால் இருப்பவர் சொன்னதைச் செய்கிறானா? அவன் பரபரப்பு கொள்ளைக்காரனின் பரபரப்பா, மரணத்துக்குக் காத்திருப்பவனின் பரபரப்பா? "இன்னொரு டேக்" என்று சொன்னபோது அவன் என்ன நினைத்திருப்பான்? நடித்தால் தண்டனை குறையும் என்று நம்பினானா? ஏன் கொள்ளையடித்தார்கள் என்பதற்கே இன்றுவரை பல விளக்கங்கள் உலவுகின்றன. யூதர்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயரப் பணம் திரட்டினார்கள் என்கிறது ஒன்று, ஆட்சிக்கு எதிரான கலகம் என்கிறது இன்னொன்று, அவர்கள்தான் செய்தார்களா என்றே சந்தேகப்படுவது மூன்றாவது. 1960இன் படம் இந்தச் சந்தேகங்களை முடித்துவைக்கத்தான் எடுக்கப்பட்டது. குற்றவாளியே தன் குற்றத்தை நடித்துக் காட்டிவிட்டால் வேறென்ன சாட்சி வேண்டும்? ஆனால் அப்படி நடிக்க வைத்ததாலேயே எதையும் நம்ப முடியாமல் போய்விட்டது. விசாரணை அதிகாரி இயக்குநராக மாறிவிட்டால், சாட்சி சொல்ல வேண்டியவன் நடிகனாகிவிடுகிறான். அதன் பிறகு உண்மையான ஒப்புதல் வாக்குமூலமும் வசனமாகத்தான் ஒலிக்கும்.

ஓடைக்கரையில் இரண்டு பையன்கள்

லூசியன் பின்டிலியே 1968இல் எடுத்த படத்துக்கும் அதே பெயர்தான், 'ரெகொன்ஸ்டிட்டுயிரெயா'. ஹொரியா பத்ராஷ்குவின் குறுநாவலைத் தழுவியது. அந்தக் கதைக்குப் பின்னால் கரன்செபெஷ் ஊரில் உண்மையாக நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது. வங்கிக் கொள்ளைக்கும் இதற்கும் கதையில் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் 1960இன் படத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு இதைப் பார்க்கும்போது ஒவ்வொரு காட்சியும் இரட்டிப்பாகக் கனக்கிறது.

வுய்கா, ரிப்பு என்று இரண்டு பையன்கள். குடித்துவிட்டுத் தங்களுக்குள் கட்டிப்புரண்டு, தடுக்க வந்த மதுக்கடைக்காரரையும் அடித்து, கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. அரசு வழக்கறிஞர் அவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் விட்டுவிடத் தயார், ஒரு நிபந்தனையோடு: மதுவின் தீமையைப் பற்றிய கல்விப் படத்துக்காக அந்தச் சண்டையை அதே இடத்தில் மறுபடி போட்டுக்காட்ட வேண்டும். வெயில் நாள், மலையடிவாரத்தில் ஓடை, மொட்டை மாடி மாதிரி ஒரு மதுக்கடை முற்றம். பக்கத்து மைதானத்தில் கால்பந்துப் போட்டியின் கூச்சல். நீச்சலுடையில் ஒரு பெண் வெயில் காய்கிறாள். வழக்கறிஞர் (ஜியோர்ஜே கான்ஸ்டன்டின்) உட்கார்ந்து ஓய்வெடுக்கிறார். ஆசிரியர் ஒருவர் (கவிஞர் எமில் போட்டா நடித்தது) மட்டும் இது சரியில்லையே என்று முனகிக்கொண்டே இருக்கிறார், யாரும் காது கொடுக்கவில்லை. பையன்களுக்கோ அடிக்க வரவில்லை. நண்பனை எப்படிக் கோபமில்லாமல் அடிப்பது? இன்னும் நிஜமாக இருக்க வேண்டும் என்று நெருக்குகிறார்கள், திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். கடைசியில் ரிப்பு நிஜமாகவே அடிக்கிறான். வுய்கா விழுகிறான், தலையில் அடிபடுகிறது, சாகிறான். இத்தனை நேரமாக இல்லாதிருந்த குற்றத்தை விசாரணை தானே உண்டாக்கிவிட்டது. போட்டி முடிந்து மைதானத்திலிருந்து வெளியே கொட்டுகிற கூட்டம் நடந்தது என்னவென்று தெரியாமலே சுற்றி நின்று தீர்ப்புச் சொல்கிறது.

படம் 1970 ஜனவரியில் புக்கரெஸ்டின் லுச்சாஃபெருல் அரங்கில் கொஞ்ச நாள் ஓடியது. பிறகு எடுத்துவிட்டார்கள். கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சி விழும்வரை அது வெளியே வரவில்லை. 2008இல் ருமேனிய விமர்சகர்கள் தங்கள் நாட்டின் மிகச் சிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. கிறிஸ்டியை அகராதி வாசிக்க வைக்கிற கேப்டன், வுய்காவையும் ரிப்புவையும் அடித்துக்கொள்ள வைக்கிற வழக்கறிஞரின் பேரப்பிள்ளைதான். கத்தவில்லை, மிரட்டவில்லை, காகிதத்தில் இருக்கிறபடி நடந்துகொள் என்று மட்டும் கேட்கிறார்.

ராடு ஜூடே 2020இல் எடுத்த 'பெரிய எழுத்தில்' படத்தில் கற்பனையான கேப்டன்கூட இல்லை. 1981இல் பொடொஷான் நகரத்துச் சுவர்களில் யாரோ சாக்பீஸால் பெரிய எழுத்துகளில் சுதந்திரம் வேண்டும், சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பது போதும் என்று எழுதிக்கொண்டு போனார்கள். செக்குரிட்டாத்தே, அதாவது அரசின் ரகசியப் போலீஸ், ஊரையே சல்லடை போட்டது. கையெழுத்துகளை ஒப்பிட்டார்கள், மறைந்து நின்று காத்திருந்தார்கள். பிடிபட்டது 16 வயது மாணவன் முகுர் கலினெஸ்கு. வீட்டில் ஒட்டுக்கேட்கும் கருவி வைத்தார்கள், பெற்றோரையும் ஆசிரியர்களையும் விசாரித்தார்கள். 1985இல் அவன் ரத்தப்புற்றுநோயில் இறந்துபோனான். ஜியானினா கர்புனாரியு செக்குரிட்டாத்தேயின் இந்த வழக்குக் கோப்பை வைத்து ஒரு நாடகம் எழுதினார், ஜூடே அதைப் படமாக்கினார். நடிகர்கள் கேமராவைப் பார்த்து நின்றுகொண்டு கோப்பிலிருக்கிற அறிக்கைகளை அப்படியே ஒப்பிக்கிறார்கள், இடையிடையே அந்தக் காலத்து அரசுத் தொலைக்காட்சியின் பாட்டும் கூத்தும். யோசித்துப் பார்த்தால் ஒரு துப்பறியும் கதைக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது: மர்மமான எழுத்து, தடயம், பொறுமையான புலனாய்வு, கடைசியில் கண்டுபிடிப்பு. துப்பறிகிறவர்கள் தங்கள் வேலையைக் கச்சிதமாகச் செய்திருக்கிறார்கள். அந்தக் கச்சிதம்தான் வயிற்றைப் பிசைகிறது.

பேசாமல் இருப்பவர்கள்

2000க்குப் பிறகு வந்த இயக்குநர்கள் இந்த மரபை அப்படியே திருப்பிப்போட்டார்கள். கிறிஸ்டி புயுவின் 'அரோரா' (2010) மூன்று மணி நேரம் ஓடுகிறது. வியோரெல் என்ற மனிதன் புக்கரெஸ்டில் அலைகிறான், துப்பாக்கி வாங்குகிறான், நான்கு பேரைக் கொல்கிறான். வியோரெலாக நடித்தவர் புயுவே. ஏன் கொல்கிறான், கொல்லப்படுகிறவர்கள் அவனுக்கு என்ன உறவு என்று எதுவும் சொல்லப்படுவதில்லை. கடைசியில் அவனே காவல் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்து சொல்ல ஆரம்பிக்கும்போதுதான் முகங்களுக்குப் பெயர் கிடைக்கிறது. அதிகாரிகள் எழுதிக்கொள்கிறார்கள். மூன்று மணி நேரம் அவனோடு நடந்துவிட்டு வந்த நமக்கு, அவர்கள் எழுதுகிற தாளில் இவன் அடங்க மாட்டான் என்று நன்றாகத் தெரிகிறது. இதை நீளமான படம், பொறுமையைச் சோதிக்கிற படம் என்று சொல்பவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். அந்த நீளம் இல்லாவிட்டால் கடைசிக் கால்மணி நேரத்துக்கு அர்த்தமே கிடையாது.

ராடு முன்டியானின் 'ஒரு மாடி கீழே' (2015) எனக்கு இன்னும் நெருக்கமானது. பத்ராஷ்கு என்ற நடுவயதுக்காரர் (தியோடோர் கோர்பான்), வண்டிப் பதிவு வேலைகளை முடித்துக்கொடுத்துப் பிழைப்பவர், மாடிப்படியில் ஏறும்போது கீழ் வீட்டில் ஒரு ஆணும் பெண்ணும் சண்டையிடுவதைக் கேட்கிறார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறவனையும் பார்த்துவிடுகிறார். அந்தப் பெண் இறந்துபோகிறாள். போலீஸ் வந்து கேட்கும்போது அவர் ஒன்றும் சொல்வதில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைப் படம் விளக்குவதும் இல்லை. கொலைகாரன் யார் என்று நமக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், அந்தக் கொலைகாரனுக்கே இவருக்குத் தெரியும் என்பது தெரியும். நாயோடு பூங்காவில் ஓடுகிறார், மகனோடு பேசுகிறார், சாப்பிடுகிறார். இதைக் கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், பல விமர்சனங்கள் முடித்தும்விட்டன. நான் அதை ஏற்கவில்லை. ஒரு அதிகாரியின் முன்னால் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் பேசுவது என்றாலே அந்த நாட்டில் நாற்பது வருடத்துக்கு மேல் என்ன பொருள் இருந்தது என்பதை மறந்துவிட்டு பத்ராஷ்குவின் மௌனத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அதற்காக அவர் செய்தது சரியென்று படம் சொல்லவில்லை. கோர்பானின் கழுத்தும் தோளும் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போவதைப் பார்த்தாலே போதும்.

பொரும்போயுவும் பத்து ஆண்டு கழித்துக் கிறிஸ்டி என்ற பெயரைத் திரும்பக் கொண்டுவந்தார். 'தி விசில்லர்ஸ்' (2019) படத்தில் கிறிஸ்டி லஞ்சம் வாங்குகிற போலீஸ்காரன், வீடு முழுக்கக் கண்காணிப்புக் கேமராக்கள், தப்பிக்க லா கோமெரா தீவின் சீழ்க்கை மொழியைக் கற்றுக்கொள்கிறான். வண்ணமும் வேகமும் உள்ள படம். எனக்கு அதில் மறக்க முடியாதது நடிகர் தேர்வுதான். இந்தக் கிறிஸ்டியாக நடிப்பவர் விளாட் இவானோவ், அன்றைக்கு அகராதியை வரவழைத்த அதே கேப்டன்.

எழுதத் தெரியாத ஒரு துப்பறிவாளர்

இத்தனை அதிகாரிகளுக்கும் கோப்புகளுக்கும் நடுவே எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது விட்டோரியா லிபான். மிஹாயில் சதொவியானு 1930இல் எழுதிய 'பால்டாகுல்' (கைக்கோடரி) நாவலின் நாயகி. மலை கிராமத்து இடையர் வீட்டுப் பெண். ஆடு வாங்கப் போன கணவன் நெக்கிஃபோர் திரும்பி வரவில்லை. கடிதம் எழுத வேண்டுமென்றால் பாதிரியாரிடம் போய்ச் சொல்லி எழுதவைக்கிறவள். மகன் கியோர்கித்சாவைக் கூட்டிக்கொண்டு கணவன் போன வழியிலேயே அவளும் போகிறாள். சத்திரம் சத்திரமாக நின்று, நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள கறுப்புக் குதிரையில், சாம்பல் நிற ஆட்டுத்தோல் தொப்பி போட்டுக்கொண்டு ஒருவர் போனாரா என்று கேட்கிறாள். ஆமாம், மூன்று பேராகப் போனார்கள் என்கிறார்கள். அடுத்த ஊர், மூன்று பேர். அதற்கடுத்த ஊர், மூன்று பேர். மலையைத் தாண்டியதும் இரண்டு பேர் என்கிறார்கள். சுஹாவுக்கும் சபாசாவுக்கும் நடுவே மூன்று இரண்டாகிவிட்டது. உலகத் துப்பறியும் இலக்கியத்தில் இதைவிட எளிமையான, இதைவிட அசைக்க முடியாத கணக்கை நான் படித்ததில்லை.

பள்ளத்தில் எலும்புகளைக் கண்டெடுத்து, முறைப்படி அடக்கம் செய்து, சாவு விருந்துக்குக் கொலைகாரர்களையும் அழைக்கிறாள். அரசு அதிகாரியும் அந்த விருந்தில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே விட்டோரியா செய்வதும் ஒரு மறுநிகழ்த்தல்தான். யார் முன்னால் போனார்கள், யார் பின்னாலிருந்து அடித்தது, எந்த இடத்தில் என்று, பக்கத்தில் நின்று பார்த்தவளைப் போல அமைதியாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். யாரையும் நடிக்கச் சொல்லவில்லை, யாரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை. கலிஸ்ட்ராட் பொக்சா தானாகவே வெடிக்கிறான், கியோர்கித்சாவின் கோடரியும் நாயின் பல்லும் அவன்மீது பாய்கின்றன, சாகும் தறுவாயில் அவன் தான் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறான். கேட்பது அந்தப் பெண்ணிடம். அதிகாரிக்கு வேண்டிய வாக்குமூலம் அவர் காதில் விழுந்துவிட்டது, ஆனால் அது அவரிடம் சொல்லப்பட்டதில்லை.

மிர்ச்சியா முரேஷான் 1969இல் இந்த நாவலைப் படமாக்கினார். ஸ்பானிய நடிகை மார்கரீட்டா லொசானோ விட்டோரியாவாக நடித்தார். பின்டிலியேயின் படம் எடுத்து முடிக்கப்பட்டு வெளிவரக் காத்திருந்த அதே சமயம். இன்றைய இயக்குநர்களில் யாராவது விட்டோரியாவை மறுபடி கையிலெடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. காத்திருப்பதையும் நடப்பதையும் இவ்வளவு நன்றாகப் படம்பிடிக்கத் தெரிந்தவர்கள் அந்த நாட்டில் இருக்கிறார்கள். முழு நாவல்கூட வேண்டாம். சத்திரம் சத்திரமாக நின்று அவள் கேட்கிற அந்தக் கேள்வியையும், மூன்று பேர் இரண்டு பேரான அந்த மலைப்பாதையையும் மட்டும் எடுத்தால் போதும்.